வாசலில் பார்த்தேன்

தி. நகர்
9 ஜூன் 2024

அன்புள்ள தம்பி முத்துகிருஷ்ணனுக்கு,

அக்கா வடிவு எழுதுவது. இங்கே நானும் அத்தானும் நலம். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. அங்கே நீ, தாரணி, பாப்பா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போலந்தில் இப்போதாவது வெயில் எட்டிப் பார்த்ததா?

மன்றத்து விஷயத்தைப் போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி எல்லாம் எழுத்தில்தான், மெயிலில்தான் என்று நீதானே சொன்னாய். சரி, எழுதுகிறேன். எழுத்தில் நான் இன்னும் நன்றாகச் சண்டை போடுவேன்.

நாம் 2011-ல் ஆரம்பித்த ‘சரிநிறம்’ இணைய மன்றத்தில் இன்றைக்கு இரண்டாயிரம் பேர். மேட்சிங் சென்டர்காரர்கள், தையல்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள். புடவைக்கு ரவிக்கைத் துணி அமையாதவர்கள் எல்லாக் கடையும் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் நம்மிடம்தான் வருகிறார்கள். வந்தால் என்ன பார்க்கிறார்கள்? இருபத்தாறு பிரிவுகளின் பெயர், வரிசையாக. எங்கே கேட்பது என்று முழித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நம் மேற்பார்வையாளர் ஷகீலா, சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாளே, அவள் சொல்கிறாள்: “அக்கா, கடைக்குள்ள சரக்கு கீது. வாசல்ல போர்டு இல்ல.” முகப்புப் பக்கத்துக்கென்று போர்டல் ஆட்-ஆன்கள், அதாவது மன்றத்தோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள், இருக்கின்றனவாம். எது நமக்கு ஆகும் என்று நீ பார்த்துச் சொல். நிறுவுகிற வேலையை அவள் செய்துவிடுவாள்.

முகப்பில் வரவேண்டியதை எழுதி வைத்துவிட்டேன்: “புடவையை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால் நிறமும் நிஜமாக இருக்கும். இங்கே போடுங்கள். எங்கள் துணிப் புத்தகத்தில் அது எத்தனையாவது நம்பர் என்று நாங்கள் சொல்வோம்.” இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

பாப்பாவுக்கு என் முத்தம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உன் அக்கா,
சண்முகவடிவு


கிராகோவ்
16 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். வெயில் வந்தது, அலுவலகத்தில் இருக்கும்போது வந்தது. அத்தானின் நாக்கை நான் கேட்டதாகச் சொல்.

மன்றத்தின் நகல் ஒன்றை இங்கே வைத்து ஆறு ஆட்-ஆன்களை ஓட்டிப் பார்த்தேன். நான்கு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கிடப்பவை. மிச்சம் இரண்டு.

ஒன்று கார்னிவல். படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்குப் பிறந்தநாள், யார் அதிகம் எழுதினார்கள் எல்லாம் காட்டும். நீ ஒரு பதில் சொன்னால் அந்த நிமிஷமே முகப்பில் ஏறிவிடும். பார்க்கத் திருவிழாதான்.

இன்னொன்று போர்ச், அதாவது வாசல் திண்ணை. மூன்றே கட்டங்கள்: எப்படிக் கேட்பது, இன்றைய கேள்விகள், சொல்லப்பட்ட நிறங்கள். பழைய போனிலும் சட்டென்று திறக்கிறது. அதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் சொன்ன பதில் நேராக முகப்புக்கு வராது. இன்னொரு உறுப்பினர் தன் புத்தகத்து நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பொத்தானை அமுக்கிய பிறகே வரும்.

ஷகீலாவுக்கும் அனுப்பினேன். அவர் போர்ச் என்கிறார். நானும் அதையே சொல்வேன். முடிவு உன்னுடையது.

கால் வலிக்கு எண்ணெய் போடுகிறாயா? உட்கார்ந்து வியாபாரம் செய்.

அன்புத் தம்பி,
முத்துகிருஷ்ணன்


தி. நகர்
20 ஜூன் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். கால் காலாகத்தான் இருக்கிறது. உங்கள் நலம் அறிந்து சந்தோஷம்.

கார்னிவலையே போடச் சொல்லிவிட்டேன்.

என் பதிலை இன்னொருத்தர் சரிபார்த்துப் பொத்தான் அமுக்குவதா? ரங்கநாதன் தெருவில் நம் மேட்சிங் சென்டரில் முப்பத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். மயிலாப்பூர் அம்மா ஒருவர், தன் கல்யாணப் புடவை நைந்து போனதென்று அதிலிருந்து ஒரே ஒரு நூலை உருவிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார், நினைவிருக்கிறதா? அந்த ஒரு நூலுக்கு நான் நிறம் சொன்னேன். மறு வாரம் வந்து, “ஆத்துல எல்லாரும் அதே பொடவையோடதுதான்னுட்டா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண் இது. மன்றத்தில் புழங்கும் புத்தகம் ஒவ்வொன்றிலும் இருநூற்றுப் பத்து நிறத்துக்கும் துணி வெட்டி ஒட்டி நம்பர் போட்டவள் நான். ஷகீலா கெட்டிக்காரி, நல்லவள். ஆனாலும் அவள் நான் ஒட்டிய புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைத் திருத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

கடையில் டியூப்லைட் எல்லாம் மங்கிவிட்டது. மாற்றச் சொன்னேன், புதுசும் மங்கல்தான். இப்போது எதை வாங்கினாலும் தரம் இல்லை.

தாரணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
வடிவு


தி. நகர்
16 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நாளைக்கு ஆடி பிறக்கிறது. தள்ளுபடிக் கூட்டம் இப்போதே மாம்பலம் ஸ்டேஷன் படியிலிருந்து தொடங்கிவிட்டது.

அடையாறிலிருந்து மதுமதி என்று ஒரு அம்மா. மகள் கல்யாணத்துக்கு வெங்காயத்தோல் நிறத்தில் பட்டு எடுத்து, வாசல் வெளிச்சத்தில் தாள் வைத்து ஒழுங்காகப் படம் போட்டிருந்தார். நான் அறுபத்தொன்று என்றேன். கார்னிவல் அதை முகப்பில் பெரிதாக ஓட்டியது. அந்த அம்மா துணி வாங்கி, தைத்து, பெண் மேடையில் ஏறிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். புடவை ஒரு பக்கம் போகிறது, ரவிக்கை ஒரு பக்கம் போகிறது. அறுபத்தொன்று பீச். வெங்காயத்தோல் அறுபத்துநாலு. கல்யாணப் படத்தை மன்றத்தில் போட்டு, “வடிவக்கா சொன்னதால் நம்பினேன்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இந்த கார்னிவல் படத்தின் நிறத்தைக் கெடுக்கிறது. முகப்பில் பார்த்தால் வெள்ளைத் தாளே பழுப்பாக இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் மட்டும் எழுபது படங்களை “தாள் வெள்ளையாக இல்லை, மறுபடி எடுங்கள்” என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஷகீலா நிறுவும்போது எதையோ மாற்றியிருக்கிறாள். அவளைக் கேட்டால், “நா இன்னாக்கா மாத்தினேன்? போட்டது போட்டபடி கீது” என்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொதுப் பிரிவிலேயே எழுதிவிட்டேன், தவறு என்னுடையதல்ல, முகப்பை நிறுவியவருடையது என்று.

நீ உடனே பார். சரிநிறம் என்ற பெயரை வைத்துக்கொண்டு நிறம் மாறினால் நான் கடை வாசலில் எப்படி நிற்பது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கிராகோவ்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பாவுக்குச் சளி, விட்டுவிட்டது.

கார்னிவலைப் பிரித்துப் பார்த்தேன். படத்தைச் சின்னதாக்குகிறது, நிறத்தைத் தொடவில்லை. அந்த அடையாறு அம்மா அனுப்பிய படத்தையும் முகப்பில் வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நிறத்தில் என் கண்ணை நீ எப்போது மதித்தாய்?

அதனால் ஒன்று செய்தேன். கார்னிவலை எடுத்துவிட்டேன். முகப்பில் இப்போது இருப்பதைப் பார். மேல் பாதியில் ஒன்றும் இல்லை, கீழே அதே படம். ஒரு நாள் பகலில், போனை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது.

ஷகீலாவைப் பற்றிப் பொதுவில் எழுதியதை எடுத்துவிடலாமா? அவர் பதினொரு வருஷமாக நம்மோடு இருக்கிறார்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


தி. நகர்
25 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்.

நீ வைத்திருப்பது கார்னிவலைவிட மோசம். வாசலுக்கு எடுத்துப் போய்த்தான் பார்த்தேன். மேல் பாதி முழுக்கச் சந்தனத்தைக் கரைத்துப் பூசியதுபோல இருக்கிறது. கீழே படத்தில் தாள் அதே பழுப்பு. எந்தக் கம்பெனி ஆட்-ஆன் இது? இதைச் செய்தவன் வெள்ளையைப் பார்த்திருக்கிறானா?

எழுதியதை எடுக்கமாட்டேன். எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஷகீலா நேற்று மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டாள். ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. “உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா” என்று மட்டும் எழுதியிருந்தாள். எனக்கென்ன உடல்நலத்துக்கு?

வேறு ஆட்-ஆன் பார்த்து வை.

அக்கா


கிராகோவ்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. வேலை ஒன்றுமில்லை. எழுதத் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் நலம்.

முகப்பில் நான் வைத்தது எந்த ஆட்-ஆனும் இல்லை, அக்கா. வெற்றுப் பக்கம். மேல் பாதி வெள்ளை. அதைவிட வெள்ளையைக் கணினியால் காட்ட முடியாது. கீழே இருந்தது அந்த அம்மாவின் போனிலிருந்து வந்தபடியே வந்த படம். யாரும் எதையும் தொடவில்லை. உன்னிடம் சொல்லாமல் செய்தது தப்பு. கார்னிவல்மேல்தான் குற்றம் இருக்கவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, அதனால்தான் செய்தேன்.

நீ கடைசியாகக் கண் டாக்டரிடம் எப்போது போனாய்?

இதைத் தாரணியிடம்கூடச் சொல்லவில்லை. போன் செய்து கேட்டால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஊரில் யாரும் தராத நிறத்தை நீ தருவாய் என்று சொல்லிச் சொல்லித்தான் நான் இங்கே மூன்று பேரிடம் மன்றத்தைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கும் சேர்ந்தது. அதனால் கேட்கிறேன்.

உன் தம்பி,
முத்து


தி. நகர்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். உங்கள் நலம் அறிந்தேன். கடையில் வேலை இருக்கிறது.

சண்முகவடிவு


கிராகோவ்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. போனில் நீ பேசுகிறாய், பாப்பாவின் படிப்பைக் கேட்கிறாய், குழம்பில் என்ன காய் என்று கேட்கிறாய். மன்றத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்தில்தான் என்று நான் வைத்த சட்டம் என் தலையிலேயே விழுந்துவிட்டது.

நீ மன்றத்தில் பதில் சொல்வதை நிறுத்தியிருப்பதைப் பார்த்தேன். “வடிவக்கா எங்கே?” என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகப்பு வெற்றாகவே இருக்கிறது. போர்ச்சை நகலில் தயாராக வைத்திருக்கிறேன், நீ சொல்லும்வரை தொடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானையும்.

தம்பி


தி. நகர்
10 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி முத்துகிருஷ்ணனுக்கு,

நலம். இந்தத் தடவை நலம் என்பதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன். நீங்கள் மூவரும் நலமா?

உன் கடிதம் வந்த அன்று உன்னை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? அத்தான் பக்கத்தில் இருந்து கேட்டார். மனதுக்குள் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், உனக்குத் தெரியும். நிறம் சொல்வதை நிறுத்தினேனே தவிர டாக்டரிடம் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் நடந்தது இது. மதியம் மாடியில் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே இறங்கிவிட்டேன். வெள்ளைத் துணி அலமாரிக்கு முன்னால் வைரவன் நிற்கிறான். இருபது வருஷமாக நம் கடையில் நிற்கிறானே, அதே வைரவன். காலையில் நான் அடுக்கிய துணிகளை எடுத்து மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னடே செய்த?”

“ஒண்ணுமில்லக்கா. பால் வெள்ளையும் சந்தன வெள்ளையும் கலந்து கெடந்துச்சு. பிரிச்சு வைக்கேன்.”

“காலைல நான்லா அடுக்கினேன்?”

அவன் கையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தான்.

“எப்பமிருந்துடே இப்படி மாத்தி வைக்கீய?”

“போன கார்த்திகைலேருந்துக்கா. நீங்க எடுத்துக் கொடுக்கத நாங்க வாசல்ல ஒருக்கா பாத்துட்டுத்தான் கட்டிக் கொடுப்போம். உங்க மனசு வருத்தப்படக்கூடாதுல்லா.”

கார்த்திகையிலிருந்து. பதினோரு மாதம். கடையில் நான்கு பேர், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் என்னைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கடை பிழைத்தது அவர்களால். மன்றத்தில் அப்படித் திருத்த ஆள் இல்லை. வேண்டாம் என்று சொன்னதே நான்தான்.

இரண்டு வெள்ளையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நல்ல வெயில். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. எத்தனை ஆயிரம் பேருக்கு அந்த வாசலில் நின்று நிறம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அங்கேயே அழுதேன், தம்பி. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

தீபாவளி வியாபாரம் முடிந்ததும் மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறதாம். “வெள்ளை மஞ்சளாகத் தெரியும், ஊதா செத்துப்போய்த் தெரியும். இவ்வளவு நாள் கவனிக்கவில்லையா?” என்று கேட்டார். ஆட்-ஆன் மாற்றிப் பார்த்தோம் என்று சொல்ல முடியுமா?

போன செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. முன்னாலேயே சொன்னால் டிக்கெட் போட்டு வந்து நிற்பாய், அதனால் சொல்லவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் பார்த்தது அத்தானின் வேட்டி. அந்த வேட்டியில் அவ்வளவு வெள்ளை இருக்கிறதென்று எனக்கு மறந்தே போயிருந்தது. இடது கண்ணை மூடினால் வெள்ளை, வலது கண்ணை மூடினால் சந்தனம். மாற்றி மாற்றி மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

நீ வைத்த வெற்றுப் பக்கத்தையும் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. மன்னித்துக்கொள்.

இடது கண்ணுக்கு இந்த மாதம் இருபதாம் தேதி குறித்திருந்தார்கள். நான் தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன். ஏனென்று பிறகு எழுதுகிறேன். திட்டாதே.

அக்கா


கிராகோவ்
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைத் தாரணிக்குப் படித்துக் காட்டினேன். வேட்டி வந்த இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். பாப்பா, “அத்தை ஏன் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாக்குறாங்க?” என்று கேட்டு, அவளும் அப்படியே வீடெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிறாள்.

திட்டவில்லை. ஆனால் எதற்குத் தள்ளிப் போட்டாய்? செலவா, பயமா? இரண்டுக்கும் நான் இருக்கிறேன். இரண்டும் இல்லையென்றால் நீ ஏதோ வேலை வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். அந்த வேலை எதுவானாலும் கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் போட்டுக்கொண்டு செய்.

இன்னொன்று சொல்லவேண்டும். ஷகீலா விலகிய அன்றே எனக்கு எழுதினார். “அக்கா கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொன்னால் கோபத்தில் சொன்னதாக நினைப்பார்” என்று. தான் சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

உன் உடல்நலம் முதலில். மற்றது பிறகு.

தம்பி


தி. நகர்
12 ஜனவரி 2025

அன்புள்ள தம்பி முத்துகிருஷ்ணனுக்கும் தாரணிக்கும் பாப்பாவுக்கும்,

அக்கா வடிவு, இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நாளைக்குப் போகி. தெருவில் கரும்புக் கட்டு வந்து இறங்கிவிட்டது. அங்கே பனி எவ்வளவு?

இடது கண்ணை ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்டாயே. அதில் எனக்கு வேலை இருந்தது. 2023 கார்த்திகையிலிருந்து மன்றத்தில் நான் சொன்ன பதில்கள் முந்நூற்றுப் பதினெட்டு. அதில் எவை தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வலது கண்ணால் பார்த்தால் இப்போது சரியாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் என்ன பார்த்துவிட்டு அப்படிச் சொன்னேன் என்பது இடது கண்ணுக்குத்தான் தெரியும். அதையும் சரிசெய்துவிட்டால் கேட்க ஆள் ஏது? டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். “புரையை வேலைக்கு வைத்திருக்கும் முதல் ஆள் நீங்கள்தான்” என்று ஐந்து வாரம் கொடுத்தார்.

தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை, கடை வாசலில் ஸ்டூல் போட்டு, மடியில் துணிப் புத்தகம், கையில் போன். ஒரு கண், பிறகு மறு கண். இரண்டும் ஒத்துப் போனால் அந்தப் பதில் சரி. ஒத்துப் போகாததையெல்லாம் வைரவன் எழுதிக்கொண்டான். இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் இல்லை, எதிரிலேயே நின்று, “இல்லக்கா, இது நூத்திநாப்பது” என்று மறுத்தான். நான்தான் அப்படி மறுக்கச் சொன்னேன். முதல் நாள் மெல்ல இழுத்துச் சொன்னான், நான்காம் நாள் என்னை அதட்டவே ஆரம்பித்துவிட்டான்.

நாற்பத்துமூன்று தவறு. வெள்ளை, மஞ்சள், ஊதா, வெங்காயத்தோல். சிவப்பிலும் அரக்கிலும் ஒன்றுகூடத் தவறில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நாற்பத்துமூன்றையும் என் பெயரைப் போட்டு, சரியான நம்பரோடு முகப்பில் வெற்றாகக் கிடந்த மேல் பாதியில் வைத்தேன். தலைப்பு: “வடிவு தவறாகச் சொன்ன நிறங்கள்.” கீழே இப்படி எழுதினேன்: “என் கண்ணில் புரை இருந்தது. முகப்பில் எந்தக் குறையும் இல்லை. அதை நிறுவிய ஷகீலா மீது நான் போட்ட பழி பொய். வேண்டியவர்கள் சரியான துணியை என் கடையில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.” அதன் பிறகுதான் பஸ் ஏறி சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன்.

ஷகீலா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கால் மிதியை நிறுத்தவில்லை.

“வாக்கா. குந்து.”

உட்காராமலே சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

“நல்லாகீதுக்கா. ரெண்டாயிரம் பேர் முன்னால வச்சித் திட்டின. இப்போ மன்னிப்ப மட்டும் என் காதுல வந்து சொல்லிக்கினு கீற. அங்க சொல்லு.”

“அங்க சொல்லிட்டுதான் இங்க வந்தேன். போனத் தொறந்து பாரு.”

திறந்தாள். மேலிருந்து கீழ்வரை, நாற்பத்துமூன்றையும் படித்தாள். மிஷின் நின்றுவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதுல அம்பத்தேழுன்னு போட்டுகீறியே, அதுவும் தப்பு. அம்பத்தெட்டுக்கா” என்றாள். இரண்டு பேரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனோம். ஐம்பத்தெட்டுதான். அங்கேயே நின்று திருத்தினேன்.

போர்ச்சைப் போடச் சொல்லி உனக்கு ஒற்றை வரி அனுப்பியது அவள் கடை வாசலிலிருந்துதான். பொத்தானுக்கு என்ன பெயர் என்று நீ கேட்டபோது, ‘வாசலில் பார்த்தேன்’ என்று அவள் சொன்னாள். இனி யார் பதிலும் இன்னொருத்தர் வாசலில் பார்க்காமல் முகப்பில் ஏறாது. என் பதிலும்தான். அதைச் சட்டமாக நானே எழுதி வைத்தேன்.

அடையாறு மதுமதியம்மாவுக்கு அறுபத்துநாலாம் நம்பர் துணியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணத்தைத் திருப்ப முடியாது. மகள் தலைப்பொங்கலுக்கு அதே புடவையைக் கட்டப்போகிறாளாம். ரவிக்கையை ஷகீலா தைக்கிறாள்.

இடது கண்ணுக்கு டிசம்பர் கடைசியில் ஆபரேஷன் ஆனது. இன்று காலையில்தான் முதல் பதில் சொன்னேன். ஒரு பெண் கத்தரிப்பூவா சாம்பல் ஊதாவா என்று பிரிக்க முடியாத ஒரு புடவையைப் போட்டிருந்தாள். நான் கடை வாசலில் நின்று பார்த்து, நூற்றிருபத்தொன்று என்று எழுதினேன். எழுதிவிட்டு முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆனது, வரவில்லை. இருபது நிமிஷம் ஆனது, வரவில்லை. வைரவன், “அக்கா, ஷகீலாக்காவுக்கு போன் போடட்டா?” என்றான். போடாதே என்றேன். அவள் அந்தப் பக்கம் வெயில் ஏறுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் கடை வாசலில் பதினொரு மணிக்குத்தான் வெயில் விழும்.

பதினொன்று பத்துக்கு என் பதில் முகப்பில் ஏறியது. நூற்றிருபத்தொன்று. கீழே, “வாசலில் பார்த்தேன் – ஷகீலா.”

முப்பத்திரண்டு வருஷத்தில் எவ்வளவோ பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள், தம்பி. என் மனசு கோணக்கூடாது என்று எத்தனை பேர் தலையாட்டினார்கள் என்பது இப்போது தெரியும். இவள் மரியாதைக்கு அமுக்கவில்லை. பார்த்துவிட்டு அமுக்கினாள். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பாப்பாவிடம் இரண்டு கண்ணையும் திறந்து முகப்பைப் பார்க்கச் சொல். எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா,
சண்முகவடிவு